குரங்கு மலேரியா

குரங்கு மலேரியா என்பது குரங்குகளின் இரத்தத்தில் வாழும் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணிகள் அனோஃபிலிஸ் கொசுக்கள் வழியே மனிதருக்குத் தொற்றுவதால் வரும் காய்ச்சல். இவ்வகை ஒட்டுண்ணிகளுள் மனிதரை மிகுதியாகத் தாக்குவது பிளாஸ்மோடியம் நோலெசி. பால்சிபாரம், வைவாக்ஸ், மலேரியே, ஓவேல் ஆகிய நான்கும் மனிதரிடம் மலேரியா உண்டாக்கும் இனங்களாக நெடுங்காலம் அறியப்பட்டவை. நோலெசி இன்று ஐந்தாவதாக எண்ணப்படுகிறது. தென்கிழக்காசியாவின் காடுகளிலும் காட்டோர ஊர்களிலும் இந்நோய் காணப்படுகிறது. மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களில் இதன் பாதிப்பு மிகுதி. 2018இல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அதே ஆண்டில் நோலெசி தொற்றியவர்கள் 4,000 பேருக்கு மேல். ஒருபுறம் பெரும் வெற்றியும் மறுபுறம் புதிய நோயும் ஒரே நாட்டில் சேர்ந்து நிற்பதே இந்நோயை உலகம் கூர்ந்து கவனிக்கக் காரணம்.

ஒட்டுண்ணியும் அதன் இயல்பும்

நோலெசியின் இயற்கை ஓம்புயிர்கள் நீள்வால் குரங்கும் பன்றிவால் குரங்கும். இவற்றின் உடலில் ஒட்டுண்ணி ஆண்டுக்கணக்கில் தங்கினாலும் குரங்கு பெரிதாக நோயுறுவதில்லை. வட இந்தியாவில் காணப்படும் ரீசஸ் குரங்குக்கோ இதே ஒட்டுண்ணி உயிர்க்கொல்லி. பழகிய உடலில் அடங்கிக் கிடப்பதும் பழகாத உடலில் மூர்க்கம் கொள்வதும் இதன் இயல்பு. மரபணு ஆய்வுகளின்படி, தென்கிழக்காசியாவில் மனிதர் குடியேறுவதற்கு முன்பே இது அங்குள்ள குரங்குகளிடம் இருந்திருக்கிறது. ஆகவே இதைப் புதிதாகத் தோன்றிய கிருமி என்பது சரியன்று. குரங்குக்கு இது பழையது, மனிதருக்குத்தான் புதியது.

நோலெசியின் ஆபத்து அதன் வேகத்தில் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் புகுந்து, வளர்ந்து, பிரிந்து, அணுவை உடைத்து வெளியேற பால்சிபாரமும் வைவாக்ஸும் 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மலேரியே 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். மற்ற மலேரியாக்களில் ஒருநாள் விட்டோ இருநாள் விட்டோ வரும் குளிர்காய்ச்சல் இதில் நாள்தோறும் வரக்கூடும். ஒட்டுண்ணியின் எண்ணிக்கையும் நாளுக்கு நாள் பெருகும். நேற்று லேசான காய்ச்சலோடு இருந்தவர் நாளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்வது இதனால்தான்.

கண்டறிந்த வரலாறு

1930களின் தொடக்கத்தில், சிங்கப்பூரிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்த ஒரு குரங்கின் இரத்தத்தில் இந்த ஒட்டுண்ணி காணப்பட்டது. கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராபர்ட் நோல்ஸும் பிராஜ் மோகன் தாஸ்குப்தாவும் அதை ஆராய்ந்தனர். இரத்தத்தைச் செலுத்தினால் மனிதருக்கும் இது தொற்றும் என்று 1932இல் அவர்கள் காட்டினர். நோல்ஸின் பெயரே ஒட்டுண்ணிக்கு வைக்கப்பட்டது. உயர்ந்த காய்ச்சல் நரம்பு மண்டலத்தைத் தாக்கிய மேகப்புண் நோயைத் தணிக்கும் என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. அதற்காக நோலெசியை நோயாளிகளின் உடலில் வேண்டுமென்றே செலுத்தினர். ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு மாற்ற மாற்ற அதன் கொடுமை ஏறிக்கொண்டே போனதால் அம்முறை கைவிடப்பட்டது.

ஊசியால் தொற்றும் ஒட்டுண்ணி கொசுக்கடியால் தொற்றுமா என்ற கேள்விக்கு 1960இல் எதிர்பாராமல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குரங்கு மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களுக்கே, ஆய்வகக் கொசுக்கள் கடித்ததில் பிளாஸ்மோடியம் சைனோமொல்கி என்ற இனம் தொற்றிவிட்டது. 1965இல் மலேசியாவின் பகாங் மாநிலக் காட்டில் இரவுகளில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். முதலில் பால்சிபாரம் என்றும் பிறகு மலேரியே என்றும் அவருடைய நோய் கணிக்கப்பட்டது. அவருடைய இரத்தத்தை ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்திய பிறகே அது நோலெசி என்று தெளிந்தது. இயற்கையாக மனிதருக்குத் தொற்றியதாக உறுதிசெய்யப்பட்ட முதல் நோலெசி நோயாளி அவர்தான். உடனே பகாங்கில் அவர் தங்கிய வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தை எடுத்துக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். ஒரு குரங்குக்கும் நோலெசி வரவில்லை. இது அபூர்வமாக நேர்வது என்று அறிவியல் உலகம் முடிவுகட்டியது. அந்த முடிவு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

கபிட் திருப்பம்

சரவாக்கின் கபிட் பகுதியில் மலேரியே என்று கணிக்கப்பட்ட நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக இருந்தனர். மலேரியே பொதுவாக மந்தமான நோய். இவர்களிடமோ ஒட்டுண்ணிகள் மிகுதியாக இருந்தன, காய்ச்சலும் கடுமையாக இருந்தது. சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் பிசிஆர் முறையில் ஒட்டுண்ணியின் மரபணுவைப் பார்த்தனர். சோதித்த 208 மலேரியா நோயாளிகளுள் 120 பேரிடம் இருந்தது நோலெசி. 2004இல் இந்த முடிவு வெளிவந்ததும் நாற்பதாண்டு நம்பிக்கை சரிந்தது. 2008இல் அதே குழு, நோலெசியால் நேர்ந்த நான்கு உயிரிழப்புகளை விவரித்தது.

ஒட்டுண்ணி அதுவரை மறைந்திருந்ததற்குக் காரணம் நுண்ணோக்கிக்கு அடியில் இருந்தது. ஜீம்சா சாயம் ஏற்றிய இரத்தப் பூச்சில் நோலெசியின் இளம்பருவம் மெல்லிய மோதிரம் போலத் தெரியும், பால்சிபாரமும் அப்படித்தான். சற்று வளர்ந்ததும் சிவப்பணுவின் குறுக்கே பட்டை கட்டியதுபோல நீளும், மலேரியேயும் அப்படித்தான். கண் எத்தனை தேர்ந்ததாக இருந்தாலும் இந்த வேடத்தை எப்போதும் கலைத்துவிட முடியாது. பார்த்தவர்கள் தவறு செய்தார்கள் என்பதைவிட, அக்கருவி காட்டக்கூடியதன் எல்லை அதுவே என்பது பொருந்தும்.

கொசுக்களும் பரவும் வழியும்

எல்லா அனோஃபிலிஸ் கொசுக்களும் நோலெசியைச் சுமப்பதில்லை. லூகோஸ்பைரஸ் குழுவைச் சேர்ந்த காட்டுக் கொசுக்களே இதன் முதன்மைக் கடத்திகள். சரவாக்கில் அனோஃபிலிஸ் லேட்டன்ஸ், சபாவில் அனோஃபிலிஸ் பாலபாசென்சிஸ், பகாங்கில் அனோஃபிலிஸ் கிராசென்ஸ், வியட்நாமில் அனோஃபிலிஸ் டைரஸ் ஆகியவை அடையாளம் காணப்பட்டுள்ளன. குரங்கைக் கடித்த பெண் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணி இனப்பெருக்கம் செய்து, சில நாள்கள் கழித்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அந்தக் கொசு அடுத்து மனிதரைக் கடித்தால் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்கும் அங்கிருந்து இரத்தத்துக்கும் போகிறது. நோலெசி தொற்றிய மனிதரைக் கடித்த கொசு இன்னொரு மனிதருக்கு அதைக் கொடுக்க முடியும் என்று ஆய்வகத்தில் காட்டப்பட்டுள்ளது. ஆனால் இன்று நோயாளிகளை உண்டாக்கிக்கொண்டிருக்கும் முதன்மை வழி குரங்கிலிருந்து மனிதருக்குப் போவதே.

பாலபாசென்சிஸ் கொசு நிழல்விழும் சிறு தேக்கங்களில் முட்டையிடும். மண்பாதையில் லாரிச் சக்கரம் பதித்த பள்ளம், மாட்டின் குளம்படி, மழைநீர் தேங்கிய குழி இவையே அதற்குப் போதும். அது வீட்டுக்கு வெளியே, அந்தி சாய்ந்த முதல் சில மணி நேரத்தில் சுறுசுறுப்பாகக் கடிக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்துச் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடையோரம் குளிப்பவருக்கும், குடிலின் வாசலில் பேசிக்கொண்டிருப்பவருக்கும் அதுதான் ஓய்வு நேரம். கொசுவலைக்குள் படுக்கும் முன்பே கடி நடந்து முடிந்துவிடுகிறது. நோயாளிகளுள் பெரும்பாலானோர் வேலைக்குப் போகும் வயதுவந்த ஆண்கள். தோட்டத் தொழிலாளர், விவசாயி, மரம் வெட்டுபவர், வேட்டைக்குப் போகிறவர், காட்டில் காவலிருக்கும் படைவீரர் ஆகியோரே இந்நோய்க்கு முதலில் ஆளாகின்றனர். வீட்டுக்குள் இருப்போரைக் காக்க வகுத்த மலேரியா ஒழிப்பு முறைகள் இவர்களை முழுமையாகக் காக்கவில்லை.

காடழிப்பின் பங்கு

வடக்குச் சபாவின் கூடாட், கோத்தா மருடு வட்டாரங்களில் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு நடந்த ஆய்வு, சுற்றிலும் காடு அழிந்த ஊர்களில் நோலெசி மிகுவதை 2016இல் காட்டியது. காடு வெட்டப்பட்டால் அதிலிருந்த குரங்குகள் மறைந்துவிடுவதில்லை. எஞ்சிய மரத்திட்டுகளில் நெருங்கி வாழ்ந்து, உணவு தேடித் தோட்டங்களுக்கு வருகின்றன. கொசுவும் அவற்றைத் தொடர்ந்து காட்டோரத்துக்கு வருகிறது. அங்கே தோட்டமும் குடிலும் போட்டு மனிதர் வாழ்கின்றனர். மூவரும் ஒரே விளிம்பில் சந்திக்கின்றனர். இந்தச் சந்திப்பை உண்டாக்கியது குரங்கன்று.

நோய்க்குறிகள், கண்டறிதல், சிகிச்சை

காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி, உடல்வலி, வாந்தி, வயிற்றுவலி ஆகியவை தொடக்கக் குறிகள். இரத்தத் தட்டணுக்கள் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் குறைவதால் டெங்கு என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. நோய் முற்றினால் சிறுநீரகம் செயலிழத்தல், மூச்சுத்திணறல், மஞ்சள்காமாலை, இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை நேரும். பால்சிபாரத்தில் அஞ்சப்படும் ஆழ்மயக்கம் இதில் பொதுவாகக் காணப்படுவதில்லை. வயதானவர்களுக்கும் ஒட்டுண்ணிகள் மிகுந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

நுண்ணோக்கியால் மலேரியா உண்டு என்பதை அறியலாம். இனத்தை உறுதிசெய்ய பிசிஆர் தேவை. உடனடிச் சோதனைப் பட்டைகள் நோலெசியைப் பலமுறை தவறவிடுகின்றன. ஆனால் சிகிச்சை ஆறுதல் தருவது. ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகளுக்கு நோலெசி நன்றாகக் கட்டுப்படும், குளோரோகுயினும் வேலை செய்யும். கடும் நோய்க்கு ஆர்ட்டிசுனேட் ஊசி நரம்பு வழியே உடனே தரப்பட வேண்டும். வைவாக்ஸைப் போல் இது கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதில்லை. காலத்தோடு மருந்து கிடைத்தால் நோயாளி முழுமையாகத் தேறுகிறார்.

பிற குரங்கு மலேரியாக்கள்

ஆய்வக விபத்தில் தொற்றிய சைனோமொல்கி, இயற்கையாகவும் மனிதருக்குத் தொற்றுவதைத் திரெங்கானு மாநில நோயாளி ஒருவரைக்கொண்டு 2014இல் மலேசியாவில் உறுதிசெய்தனர். பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் ஊளைக் குரங்குகளிடம் வாழும் பிளாஸ்மோடியம் சிமியம், 2015, 2016 ஆண்டுகளில் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் மனிதரிடையே நோய்ப்பரவலை உண்டாக்கியது. அங்கே கடத்தி அனோஃபிலிஸ் குரூசி. மரங்களில் ஒட்டி வளரும் புரோமெலியாட் செடிகளின் இலைக்குவளையில் தேங்கும் நீரில் அது முட்டையிடுகிறது.

இந்தியாவும் இலங்கையும்

தென்னிந்தியாவின் நாட்டுக் குரங்கிடமும் இலங்கைக்கே உரிய செங்குரங்கிடமும் சைனோமொல்கி, பிரஜைல், இனுய் முதலிய மலேரியா ஒட்டுண்ணிகள் உள்ளன. லூகோஸ்பைரஸ் குழுவின் அனோஃபிலிஸ் எலிகன்ஸ் கொசு குரங்கு மலேரியாவைச் சுமப்பது 1963இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. நீள்வால் குரங்கு இயற்கையாக வாழும் இந்திய மண் நிக்கோபார் தீவுகள். அந்தமான் நிக்கோபாரில் எடுத்த மனித இரத்த மாதிரிகளில் நோலெசி இருந்ததாக 2013இல் ஓர் ஆய்வு அறிவித்தது. உலக சுகாதார அமைப்பிடமிருந்து 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று பெற்ற இலங்கைக்கும், ஒழிப்பை நோக்கி நடக்கும் இந்தியாவுக்கும் மலேசியா கற்ற பாடம் நேரடியாகப் பொருந்தும். மனித உடலிலிருந்து ஒட்டுண்ணியை நீக்கிவிட்டாலும் காட்டிலிருக்கும் ஒட்டுண்ணி காட்டிலேயே இருக்கும்.

தடுப்பு

நோலெசிக்குத் தடுப்பூசி இல்லை. காட்டிலும் தோட்டத்திலும் அந்தி வேளையில் முழுக்கைச் சட்டை, நீண்ட கால்சட்டை அணிவதும், கொசுவிரட்டி பூசுவதும், மருந்திட்ட வலைக்குள் உறங்குவதும் பயன் தரும். குடில்களைச் சுற்றி நீர் தேங்கும் குழிகளை மூட வேண்டும். குரங்குகளைக் கொல்வது தீர்வாகாது. நீள்வால் குரங்கே இன்று அழியும் ஆபத்திலுள்ள இனம். எஞ்சிய காட்டை எஞ்சவிடுவதே நிலையான காப்பு. காட்டுக்குள்ளோ காட்டோரத் தோட்டத்துக்கோ போய்வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் அவர் முதலில் சொல்ல வேண்டியது, தாம் எந்தக் காட்டுக்குப் போய்வந்தோம் என்பதை. ஒரே நாளில் பெருகும் ஒட்டுண்ணிக்கு எதிராக ஒரு நாளும் வீணாகக் கூடாது.