ஸெப் பிராடல்: மூன்று பட்டியல்கள்

பனிச்சறுக்குத் தாவலில் நூறு மீட்டர் என்பது நெடுங்காலம் எட்டாத எல்லை. 1936 மார்ச்சில், அன்றைய யூகோஸ்லாவியாவின் பிளானிட்சாவில், ஆஸ்திரியாவின் ஸெப் பிராடல் அதைக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 18.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். அடுத்த பிப்ரவரியில் போலந்தின் ஸகோபானேயில் பிராடல் உலகப் பட்டம் வென்றபோது, அவர் பெயருக்கு எதிரே இருந்த நாடு ஜெர்மனி. அதே செப்டம்பரில் ஜெர்மானியப் படை அவ்வூருக்குள் புகுந்தது. பதக்கப் பட்டியலில் இதற்கெல்லாம் இடமில்லை. தாவியவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கும்தான்.

அவரது உச்ச ஆண்டுகளைப் போர் தின்றுவிட்டது. ஆயினும் 1953 ஜனவரியில், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலுமாக நான்கு குன்றுகளில் நடந்த முதல் தொடர் போட்டியை 35 வயதில் அவரே வென்றார். இறுதிச் சுற்று, அவர் வளர்ந்த மலையூருக்கு அருகே, பிஷோஃப்ஸ்ஹோஃபெனில். இம்முறை பெயருக்கு எதிரே மீண்டும் ஆஸ்திரியா.