பாதி அநாதை

சென்ற மாதம் பிராங்க்ஃபர்ட்டில் நம்மூர்க் குடும்பம் ஒன்றுக்காக ஒரு மனு நிரப்ப உட்கார்ந்தேன். இங்கே வேலை பார்த்த கணவர் இறந்துவிட்டார். பள்ளியில் படிக்கும் ஒரு மகன். ஊரிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் பையனை 'ஆர்ஃபன்' என்றது. ஜெர்மனில் 'வைசெ' என்று எழுதிவிட்டு நகர முடியாது. ஒருவரை இழந்தால் 'ஹால்ப்வைசெ', இருவரையும் இழந்தால் 'ஃபோல்வைசெ'. பாதி அநாதை, முழு அநாதை! ஓய்வூதியச் சட்டத்தில் முன்னதற்கு அடிப்படை 10 சதவீதம், பின்னதற்கு 20. வங்கிக்காரனான எனக்குக் கணக்கு உடனே புரிந்தது.

அந்தத் தங்கைக்குப் புரியவில்லை. "நான் உயிரோடதான இருக்கேன், எம்புள்ளை எப்படிண்ணே அநாதையாவான்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. யூனிசெஃப் கணக்கில் ஒருவரை இழந்த பிள்ளையும் 'ஆர்ஃபன்'தான். நம் 'அநாதை' வடமொழியிலிருந்து வந்தது. நாதன், அதாவது காப்பவன், இல்லாதவன். அது இறந்தவர்களை எண்ணவில்லை, காக்க ஆள் உண்டா என்று கேட்கிறது.

இந்தச் சொல்லுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே 1698-இல் அநாதை இல்லம் நிறுவினார். அங்கே வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. 1706-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, சிறுவயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். அவருடைய புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது.

யோவான் 14-ஆம் அதிகாரத்தில், சீடர்களை விட்டுப் பிரியும் இயேசு சொல்லும் ஓர் இடம் உண்டு. கிரேக்க மூலத்தில் 'ஆர்ஃபன்' பிறந்த அதே சொல். லூதர் ஜெர்மனில் 'வைசென்' என்றே வைத்தார். 1611 ஆங்கில வேதாகமம் 'ஆறுதலற்றவர்' என்ற பொருளில் சொல்லை மாற்றியது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருப்பது 'திக்கற்றவர்'. எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான்.

உடும்பஞ்சோலையில் என் அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா ஏலக்காட்டுக்குக் காயெடுக்கப் போனார். பொழுது சாய்ந்தும் அவர் திரும்பாவிட்டால் பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டுச் சோறு போடுவார். யாரும் எங்களை அநாதை என்றதில்லை. நானும் ஒரு ஹால்ப்வைசெ என்று தெரிந்துகொள்ள நாற்பத்தாறு வயதில் ஒரு ஜெர்மன் படிவம் தேவைப்பட்டது.

படிவத்தில் 'ஹால்ப்வைசெ' என்றே எழுதினேன். சட்டத்துக்கு அதுதான் சரி. தங்கையிடம் மட்டும், "அப்பா இல்லாத பிள்ளைன்னு போட்டிருக்கேம்மா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.