வழுவும் வழுவமைதியும்: ஒரு பரீட்சை வாக்கியத்தின் வரலாறு

வழுக் காணுமாறு பணிக்கும் வினாவிலேயே வழுவுண்டெனின் தீர்ப்பு வழங்குவார் யாவர்? ஐக்கிய அமெரிக்காவில் ‘கொலிஜ் போட்’ என்னும் அமைப்பு 2002 ஒக்ரோபரில் நடாத்திய பி.எஸ்.ஏ.ரி. பரீட்சை இப்பிரச்சினையை எழுப்பிற்று. அதன் புள்ளிகள் தேசியப் புலமைப்பரிசில் தெரிவுக்கும் அடிப்படையாதலின் ஒரு வினாவும் அற்பமன்று.

அவ்வகை வினாவில் ஆங்கில வாக்கியமொன்றின் நான்கு பகுதிகள் கீழ்க்கோடிடப்பட்டிருக்கும். வழுவுள்ள பகுதியைச் சுட்டல் வேண்டும். ஐந்தாம் விடை ‘வழு இல்லை’ என்பது. 1993இல் நோபல் பரிசு பெற்ற ரோனி மொறிசனின் மேதைமை அவரை நாவல்கள் படைக்கச் செய்கின்றது எனத் தொடங்கிய வாக்கியத்திற்கு ‘வழு இல்லை’ என்பதே விடையெனக் கொள்ளப்பட்டது. மேரிலாந்து மாநில ஆசிரியர் ஒருவர் இதனை மறுத்தார். ‘அவர்’ என்பது ஒரு பெயரைச் சுட்டல் வேண்டும். ‘மொறிசனின்’ என்பதோ உடைமைப் பொருளில் அடையாய் நிற்பது என வாதிட்டார். சில கைந்நூல்கள் அவ்விதியைக் கூறுவன. முதலில் இணங்காத அமைப்பு 2003இல் அவ்வினாவை மதிப்பீட்டினின்றும் நீக்கியது. மொழியியலாளர் சிலர் அம்முடிவை ஏற்றிலர்; ஆங்கிலச் சான்றோர் எழுத்தில் இவ்வழக்கு நெடுங்காலமாக உண்டு.

நம் இலக்கணிகள் வழாநிலை, வழு என்பவற்றோடு வழுவமைதியையும் வகுத்தனர். ஐவிடைத் தாளில் அதற்கு இடமில்லை. விதியை மனனஞ் செய்தவன் முதலில் புள்ளியிழந்தான். அதனை அறியாதவன் பெற்றான்! 2016இல் எஸ்.ஏ.ரி. பரீட்சையிலிருந்து இவ்வினாவகையே கைவிடப்பட்டது.