ஓலையும் சபதமும்: கல்கியின் நாவலில் ஒற்றாடலும் காதலும்

கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய 'சிவகாமியின் சபதம்' நாவலைப் பல்லவ இளவரசன் நரசிம்மவர்மன், சிற்பி மகள் சிவகாமி இருவரின் காதல் கதையாகவே பலரும் படித்து வந்திருக்கிறோம். அதில் நிறைந்திருக்கும் ஒற்றாடல், தொடர்கதையின் விறுவிறுப்புக்குச் சேர்த்த சரக்கு என்று ஒதுக்கப்படுகிறது. அந்தக் காதலின் போக்கைத் தீர்மானிப்பதே ஒற்றாடல்தான் என்பது என் வாதம்.

சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டு (634) பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்ததாகப் பெருமை பேசுகிறது. காசாக்குடிச் செப்பேடோ நரசிம்மனின் தந்தை மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகச் சொல்கிறது. அவ்வளவு தூரம் வந்த சளுக்கியர் காஞ்சியைக் கைப்பற்றாமல் போனது ஏன்? சாசனங்கள் வாய் திறக்காத இந்த இடத்தில் கல்கி ஓர் ஓலையை வைக்கிறார். அஜந்தா வர்ண இரகசியம் கேட்டு எழுதியது என நம்பிப் பரஞ்சோதி என்னும் இளைஞன் அதைச் சுமந்து போகிறான். எழுதியவர் புத்த பிக்ஷு நாகநந்தி. சேர வேண்டிய இடம் புலிகேசியின் கை. வழியில் வஜ்ரபாகு என்ற பெயரில் மாறுவேடத்தில் வரும் மகேந்திரவர்மன், இளைஞன் உறங்கும்போது ஓலையை மாற்றிவிடுகிறான். துறவி வேடத்து ஒற்றனை வள்ளுவரே சொல்லியிருக்கிறார். கல்கியின் புதுமை அந்த ஓலைக்குள் இருக்கிறது. இராஜ்யத்தைத் தம்பி புலிகேசிக்கு விட்டுக்கொடுக்கும் நாகநந்தி, சிவகாமியைத் தனக்கென்று கேட்கிறான். படையெடுப்பும் ஒரு பெண்மீது கொண்ட வேட்கையும் ஒரே ஓலையில் எழுதப்பட்டுவிட்டன.

ஒற்றாடுவது எதிரி மட்டுமா? சிவகாமியின் தந்தை ஆயனரிடம் சீடனாக இருக்கும் குண்டோதரன் மகேந்திரனின் ஆள். காதலர் சந்திக்கும் ஆயனரின் சிற்ப மண்டபம் இரு தரப்பு ஒற்றரின் கண்ணும் படும் இடம். மகனின் காதலையும் மன்னன் இராஜதந்திரக் காரியமாகவே நடத்துகிறான். இதை அவன் அறிவுக்கூர்மை என்று மெச்சுவோர் அதன் கொடுமையைப் பார்ப்பதில்லை.

சபதத்தை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். சளுக்கியத் தலைநகர் வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமியை மீட்க நரசிம்மன் மாறுவேடத்தில் வருகிறான். நகருக்குள் நுழைந்தாயிற்று, அவளையும் பார்த்தாயிற்று. ஒற்றாடல் என்ற அளவில் குறையே இல்லாத காரியம். அவள் வர மறுக்கிறாள். தன் சபதப்படி வாதாபியைக் கொளுத்தி, ஊரறிய அழைத்துப் போகச் சொல்கிறாள். இதைப் பிடிவாதம் என்று குறை சொல்வது எளிது. ஓலையைப் போல ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்குக் களவாகக் கைமாற அவள் இசையவில்லை என்றே நான் வாசிக்கிறேன். நாவல் முழுவதிலும் மறைவை அடியோடு மறுக்கும் குரல் அவளுடையது.

அதற்கு அவள் கொடுத்த விலை ஒன்பது ஆண்டுகள். வாதாபி எரிகிறது, அவளும் மீள்கிறாள். நரசிம்மன் இதற்குள் பாண்டிய இளவரசியை மணந்து பிள்ளைகளுக்கும் தகப்பனாகிவிட்டான். பகைவன் கோட்டைக்குள்ளேயே வந்து போகத் தெரிந்த பல்லவ ஒற்றர் ஒருவர்கூட இந்தச் செய்தியை அவளிடம் சேர்க்கவில்லை.