நின்றோரும் இருந்தோரும்: பிரித்தானிய உதைபந்தாட்டத் திடல்கள் பற்றிய ஒரு குறிப்பு

கட்டடக்கலை வரலாறு எழுதுவோர் கோயிலையும் அரண்மனையையும் ஆராய்ந்த அளவிற்கு விளையாட்டுத் திடலின் பார்வையாளர் அரங்கை ஆராய்ந்தாரல்லர். ஆயின், அங்கே யார் அமர்ந்தனர், யார் நின்றனர் என வினவுங்கால் அவ்வரங்கு சமூக வரலாற்றுக்கு அரிய சான்றாகிவிடுகின்றது. பிரித்தானிய உதைபந்தாட்டத் திடல்களை இந்நோக்கிலேயே ஈண்டு அணுகுகின்றோம்.

1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிற் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலைசெய்வதைத் தடுத்தது. அரைநாள் விடுமுறை நாளடைவில் ஏனைய தொழில்களுக்கும் பரவிற்று. 1888இல் உதைபந்தாட்ட லீக் தோன்றியபோது அதற்குரிய மக்கள் திரள் ஆயத்தமாகவே இருந்தது. பொதுவாக, கூரையிட்ட இருக்கைகள் வசதியுள்ளோருக்கு உரியனவாயின. தொழிலாளர் திறந்த படிகளில் மழையிலும் நின்று பார்த்தனர்.

அப்படிகளை வகுத்தோருள் தலையாயவர் கிளாஸ்கோப் பொறியியலாளரான ஆர்ச்சிபால்ட் லீச். தொழிற்சாலைகளை வடிவமைத்துத் தொழில் பழகியவர் அவர். நமது தெல்தோட்டையின் தேயிலைத் தொழிற்சாலைகளும் அவருடைய தொடக்ககால வேலைகளுள் அடங்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது. தோட்டத் தொழிலாளியின் உழைப்பைத் திரட்டக் கட்டடம் வகுத்த அதே கை, ஆலைத் தொழிலாளியின் ஓய்வைத் திரட்டவும் கட்டடம் வகுத்ததை வெறுந் தற்செயலென நாம் கருதவில்லை. குறைந்த செலவிற் கூடிய கொள்ளளவு என்பதே இரண்டிலும் கணக்கு.

1902 ஏப்ரல் 5ஆந் திகதி, லீச் வடிவமைத்த ஐபுறொக்ஸ் திடலில் இரும்புச் சட்டத்தின்மேற் பலகையிட்ட படிமேடை உடைந்து 25 பேர் மாண்டனர். ஆட்டமோ தொடர்ந்து நடத்தப்பட்டது! அதன்பின் லீச் மண்ணணைகளின்மீது படிகளை அமைத்தார். நெரிசலைத் தடுக்கும் இரும்புத் தடைகளையும் புகுத்தினார். பொறியியல் பாடங் கற்றது, அரசு கற்கவில்லை. 1946இற் போல்ற்றனில் 33 பேர் நெரிபட்டு இறந்தபின், திடல்களுக்கு உரிமமுறை வேண்டுமென விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. சட்டம் வந்ததோ 1975இல். அதற்கும் 1971இல் ஐபுறொக்ஸ் படிக்கட்டொன்றில் மேலும் 66 உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது. 1985இற் பிறட்போர்ட் மரவரங்கு எரிந்து 56 பேர் மாண்டனர். இருக்கைகளின் கீழே குப்பை குவிந்து கிடந்தது.

1989இல் ஹில்ஸ்பரோவிற் கம்பிவேலிக்குள் நின்ற இலிவர்பூல் இரசிகர்கள் நசுக்கப்பட்டனர். இறந்தோர் தொகை ஈற்றில் 97 ஆயிற்று. பழி முதலில் அவர்கள்மீதே சுமத்தப்பட்டது. அவர்கள் குற்றமற்றோர் என மரண விசாரணை யூரிமார் தீர்மானிக்க 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையில், 1990இல் ரெயிலர் பிரபுவின் அறிக்கை அனைவருக்கும் இருக்கை வேண்டுமென்றது. ஐபுறொக்ஸில் நிற்க 4 பவுணும் இருக்க 6 பவுணும் அறவிடப்பட்டதைச் சுட்டி, கட்டணம் பெரிதும் உயரவேண்டியதில்லை என்றும் அது கருதியது. கழகங்கள் இருக்கையை ஏற்றன. கட்டணம் பற்றிய கருத்தை ஏற்றனவல்ல. உயிருக்குப் பாதுகாப்புக் கிடைத்த அதே காலத்தில், படிகளில் நின்றவரின் பிள்ளைகள் பலர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

2022ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில், உரிமம் பெற்ற திடல்களில் இரும்புக் கம்பியுடன் கூடிய இருக்கைகளின் முன் நின்று பார்க்க மீண்டும் அனுமதி உண்டு. கட்டணமோ பழைய படிகளின் காலத்துக்குத் திரும்பவில்லை.