டைனமோ தெரிந்தவர்கள்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் டேஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும், எஞ்சின் வேகம் எடுத்ததும் அணையும். அது எரிகிற தினுசைப் பார்த்தே வண்டியின் பாதி வியாதியைச் சொல்லிவிடக்கூடிய ஒரு தலைமுறை சென்னையில் இருந்தது. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒற்றை ஷட்டர் கடைகளில் உட்கார்ந்து வேலை பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் அவர்கள். என் சித்தப்பா அவர்களில் ஒருவர். நான் அவரிடம் தொழில் பழகியவன். நான் படித்த மோட்டார் வரலாறுகளில் முதலாளிகள் இருக்கிறார்கள், மாடல்கள் இருக்கின்றன. ‘சார்ஜ் ஏறலை’ என்று வந்து நின்ற வண்டியை அனுப்பிவைத்த இவர்கள் இல்லை. அந்தக் குறைக்காகவே இதை எழுதுகிறேன்.

காருக்கு மின்சாரம் கட்டாயமானது செல்ஃப் ஸ்டார்ட்டரால்தான். 1912இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் அதைக் கொண்டுவந்தார். அதுவரை முன்னால் நின்று கைப்பிடி சுற்ற வேண்டும். விளக்குக்குக் கார்பைடு வாயு. செல்ஃப் வந்ததும் பெரிய பேட்டரி வேண்டியதாயிற்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ வேண்டியதாயிற்று. ஆரம்பகால டைனமோக்களில் மூன்றாவதாக ஒரு பிரஷ் வைத்துக் கரண்டைக் கட்டுப்படுத்தினார்கள். பேட்டரி நிறைந்துவிட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. பகலெல்லாம் ஓட்டினால் பேட்டரித் தண்ணீர் கொதிக்கும். 1930களில் பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனி, வோல்டேஜைப் பார்த்துத் தானாகவே கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் பாக்ஸைக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெட்டி முழுவதற்குமே பெயர் ‘கட்அவுட்’.

மதராசுக்கும் இதற்கும் உள்ள உறவு வெறும் இறக்குமதி உறவு அல்ல. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 பூட்டியது. அடிசன் கம்பெனி மாரிஸ் வண்டிகளைப் பூட்டியது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை. பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் லூகாஸ் சாமான்தான். 1961இல் வண்டலூரிலிருந்து ஹெரால்ட் வந்தது. அதே வருஷம் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் உருவானது. காரும் அதன் மின்சாரச் சாமானும் ஒரே நகரத்தின் இரண்டு ஓரங்களில் தயாராகின. இங்கே எலக்ட்ரீஷியன்கள் இவ்வளவு தேர்ச்சி பெற்றதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பிரஷ், புஷ், ஆர்மேச்சர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததால், பிரித்துப் பார்க்க யாரும் பயப்படவில்லை.

அந்தச் சிவப்பு பல்புக்கு வருகிறேன். பல்பின் ஒரு முனைக்கு சாவி வழியாக பேட்டரி கரண்ட் வரும். மறு முனை டைனமோவின் ‘டி’ டெர்மினலில் இருக்கும். எஞ்சின் நிற்கும்போது டைனமோவில் வோல்டேஜ் இல்லை, அதனால் பல்பு எரிகிறது. டைனமோ சுற்றி பேட்டரிக்குச் சமமாக வந்துவிட்டால் இரண்டு முனைக்கும் வித்தியாசம் இல்லை, பல்பு அணைகிறது. ஓடும்போது முழுசாக எரிந்தால் டைனமோ செத்திருக்கிறது அல்லது பெல்ட் அறுந்திருக்கிறது. ஹெட்லைட் போட்டு வேகமாகப் போகும்போது மட்டும் மங்கலாக மினுங்கினால்? அது வேறு கதை. டைனமோ நன்றாகவே உற்பத்தி செய்கிறது, வழியில் எங்கோ வோல்டேஜ் விழுகிறது. கட்அவுட் பாயின்ட் கருகியிருக்கும், இல்லையென்றால் வயர் முனை தளர்ந்திருக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சித்தப்பா பானெட்டைத் திறக்கவே மாட்டார். “மொதல்ல ஓட்டுறவரக் கேளுடா, அப்புறம் வண்டியத் தொடு” என்பார்.

பானெட் திறந்தால் முதலில் பெல்ட். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கப்புறம் டைனமோவிலிருந்து ‘டி’, ‘எஃப்’ இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை பாடியிலும் வைப்பார். எஞ்சினை மெதுவாக ஏற்றினால் முள் ஆட்டம் இல்லாமல் சரசரவென்று ஏற வேண்டும். இருபது வோல்ட்டுக்கு மேல் விடக்கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே முள் நின்றால் ஃபீல்டு காயில் போயிருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். நல்லபடியாக ஏறினால் டைனமோவில் குற்றமில்லை, கட்அவுட்டுக்குப் போகலாம். இந்த ஒரே சோதனை வழக்கை இரண்டாகப் பிளந்துவிடும். எத்தனையோ நல்ல டைனமோக்களை ரீவைண்டிங்கிலிருந்து காப்பாற்றியது இதுதான்.

கட்அவுட் வேலைதான் நுட்பம். உள்ளே இரண்டு காயில்: ஒன்று ரெகுலேட்டர், மற்றது டைனமோ நிற்கும்போது பேட்டரியைத் துண்டிக்கிற கட்அவுட். ரெகுலேட்டர் பாயின்ட்டை மெல்லிய கார்போரண்டம் கல்லால் தீட்டலாம். கட்அவுட் பாயின்ட்டோ மெல்லிய கண்ணாடித்தாளுக்கு மேல் எதையும் தாங்காது. எமெரி பட்டால் வீண். அது ஒட்டிக்கொண்டால், வண்டி நின்ற பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் வடிந்து வயரே புகையும். பெட்டியின் ‘இ’ டெர்மினல் எர்த் துரு பிடித்தால் நேர் எதிர் வியாதி: ரெகுலேட்டருக்குக் கட்டுப்பாடு போய், பல்புகள் ஃப்யூஸ் ஆகி, பேட்டரி கொதிக்கும். மழைக்காலம் முடிந்து வருகிற வண்டிகளில் நான் முதலில் சுரண்டுவது அந்த எர்த் முனையைத்தான்.

ரெகுலேட்டர் செட்டிங்கிற்கு லூகாஸ் கையேட்டில் ஒரு அட்டவணை உண்டு. 10 டிகிரி, 20, 30, 40 என்று வெயில் ஏற ஏற வோல்ட் குறையும். இங்கிலாந்துக்காரருக்கு 40 என்பது கடைசி வரி. அக்னி நட்சத்திரத்தில் மதராஸ் பானெட்டுக்குள் அதுதான் ஆரம்பம். அதனால் சித்தப்பா தலைமுறை, அட்டவணையின் கடைசி வரிக்கும் கீழே கொஞ்சம் இறக்கி வைக்கப் பழகியது. பேட்டரித் தண்ணீர் எத்தனை நாளில் வற்றுகிறது என்று கேட்டு, அதை வைத்து அரைச்சுற்று திருகினார்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத அறிவு இது. இதைப் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

லூகாஸ் சி40 டைனமோ தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர். டைனமோவின் இடத்தைப் பிடித்த ஆல்டர்னேட்டர், இன்றைய சாதாரண காரில் அதைப்போல மூன்று மடங்கு தரும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது டைனமோ ஒன்றுமே தராது. ஆல்டர்னேட்டர் மேலானது என்பதில் சந்தேகமில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு டைனமோவின் காலம் வேகமாக முடிந்தது. 1988இல் ஸ்டாண்டர்ட் உற்பத்தியும் நின்றது. ஆனால் பழைய பழக்கங்கள் புதிய சாமானைப் பலி வாங்கின. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது டைனமோ காலத்து வழக்கம். அதே சோதனையை ஆல்டர்னேட்டரில் செய்தால் வோல்டேஜ் துள்ளி உள்ளே இருக்கும் டயோடு செத்துவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். அந்த ஞாபகத்தில் பேட்டரியை மாற்றிப் பூட்டினாலும் இதே கதிதான். கைகளுக்குப் புதிய பாடம் ஏறச் சில வருஷங்கள் பிடித்தன. அதற்குள் பலர் தொழிலை விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் ‘கழற்று, வேறு மாட்டு’ என்பதற்குப் பழகிவிட்டார்கள்.

இன்று ஹெரால்டையும் மாரிஸ் மைனரையும் ஆசையாக வைத்திருப்பவர்கள் சிவப்பு பல்பு ஒருமுறை மினுங்கினாலே ஆல்டர்னேட்டர் போட்டுவிடச் சொல்கிறார்கள். தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறவர் அப்படிச் செய்யட்டும், நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்று. டைனமோவைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு வயரால் சேர்த்து வோல்ட் பாருங்கள். அதைச் செய்யத் தெரிந்த வயசான எலக்ட்ரீஷியன் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.