கரண்ட் போனால் சாதனையும் போச்சு!

செல்லூரில் தறி ஓடும்போது கரண்ட் போனால் தறி நின்றுவிடும். ஆனால் அதுவரை நெய்த துணி அப்படியே இருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து நெய்யலாம். அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1979-ல் வெளியிட்ட 'அஸ்டராய்ட்ஸ்' வீடியோ கேம் இயந்திரத்தில் அது நடக்காது!

காசு போட்டு நின்றபடி ஆடும் ஆளுயரப் பெட்டி அது. லைல் ரெயின்ஸ், எட் லாக் ஆகிய இருவரின் உருவாக்கம். அதிக ஸ்கோர் எடுத்தவர் தன் பெயரின் மூன்று எழுத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் கரண்ட் ஒரு நொடி போனாலும் அந்தப் பட்டியல் அழிந்துவிடும். 1981-ல் வந்த 'அஸ்டராய்ட்ஸ் டீலக்ஸ்' இயந்திரத்தில்தான் முதல் மூன்று ஸ்கோர்களைச் சேமிக்கும் சிப் வைத்தார்கள்.

1982 நவம்பரில் ஸ்காட் சாஃப்ரான் என்ற 15 வயதுச் சிறுவன் 4,13,36,440 புள்ளிகள் எடுத்தான். அந்தச் சாதனையை 2010 ஏப்ரலில்தான் ஜான் மெக்அலிஸ்டர் முறியடித்தார். ஆடியது சுமார் 58 மணி நேரம்! அத்தனை நேரமும் கரண்ட் சீராக வந்தாக வேண்டும். எனவே இந்தப் பழைய இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்கள் முதலில் கை வைப்பது பவர் சப்ளையில்தான்.

பெட்டியின் அடியில் டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரு பெரிய நீல நிறக் கண்டன்சர் இருக்கும். அளவு 26,000 மைக்ரோஃபாரட், 15 வோல்ட். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும்போது வரும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது இதன் வேலை. உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோகும். அப்போது மின்னழுத்தம் தள்ளாடும், விளையாட்டு பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கண்டன்சரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு, அதே அளவுள்ள புதியதைப் போட வேண்டும்.

அடுத்தது ரெகுலேட்டர் போர்டு. நம்மூர் மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களில் பயன்பட்ட அதே 2என்3055 டிரான்சிஸ்டர்தான் இதிலும் இருக்கிறது! கேம் போர்டின் சிப்களுக்கு இது 5 வோல்ட் கொடுக்கிறது. 4.75-க்குக் குறைந்தாலும் 5.25-ஐத் தாண்டினாலும் ஆபத்து. கனெக்டர் முனைகளில் களிம்பு பிடித்தால் கேம் போர்டுக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் குறையும். உடனே ரெகுலேட்டர் அதிகமாகத் தள்ளும். முனை சூடேறிக் கருகிவிடும். இங்கே திருகைத் திருப்பி வோல்ட்டைக் கூட்டுவது வைத்தியம் ஆகாது. முனைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், கருகியிருந்தால் மாற்ற வேண்டும். கேம் போர்டைக் கழற்றிவிட்டு எல்லா மின்னழுத்தத்தையும் மீட்டரில் அளந்த பிறகே மீண்டும் இணைக்க வேண்டும்.

இதற்குப் பதில் புதிய எஸ்.எம்.பி.எஸ். போட்டால் என்ன? போடலாம். ஆனால் படம் காட்டும் மானிட்டருக்கும் மின்சாரம் அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே போகிறது. அதனால் அதை முழுதாகத் தூக்கி எறிய முடியாது.

அழிந்த ஸ்கோர்களை யாராலும் மீட்க முடியாது. ஆனால் ஒரு கண்டன்சரை மாற்றினால், 1979-ல் ஆடிய அதே விளையாட்டை இன்றைய சிறுவனும் அதே பெட்டியில் ஆடலாம். வரலாற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதைவிட இது மேல் அல்லவா?